பாதிச் சரம்

என் அம்மா கருப்பம்மாள் ஒரு நாளில் எத்தனை முறை சினேகாவின் பெயரைச் சொல்கிறாள் என்று ஒரு வாரம் எண்ணிப் பார்த்தேன். திங்கள் ஆறு. செவ்வாய் ஒன்பது. புதன் நான்கு, அன்று அம்மாவுக்குத் தலைவலி. வியாழன் பதினொன்று. வெள்ளிக்கிழமை எண்ணுவதை நிறுத்திவிட்டேன். எண்ணியதே தப்பு என்று நோட்டில் எழுதினேன். எழுதியும் பொறாமை குறையவில்லை.

அம்மாவும் என் வயதுக்காரி சினேகாவும் ஒரே பட்டாசு ஆலையில், ஒரே அறையில் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிறார்கள். ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எனவே அந்த நாலு பேரும் காலையிலிருந்து சாயங்காலம் வரை பேசிக்கொண்டே இருப்பார்கள். அம்மா கல்யாணத்துக்கு முன் எப்படி இருந்தாள், அப்பாவோடு முதல் சண்டை எதற்கு வந்தது, இருக்கன்குடி கோயிலுக்கு நடந்து போன வருஷம் யார் வழியில் மயங்கி விழுந்தார்கள், எல்லாம் சினேகாவுக்குத் தெரியும். சாயங்காலம் குளித்துவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்து, "கொஞ்சம் சும்மா இருத்தா, வாயெல்லாம் வலிக்கி" என்கிற அம்மாதான் எனக்கு மிச்சம்.

என்னை ஆலைக்குள் விட மாட்டேன் என்று சொன்னவளும் அம்மாதான். பிளஸ் டூ முடித்ததும் திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் சேர்த்துவிட்டாள். "அங்கன தப்பு நடந்தா பேப்பர்தான் கிழியும்" என்றாள். நான் அங்கே புரூஃப் பார்க்கிறேன். காலண்டர், தீப்பெட்டி லேபிள், பட்டாசுப் பெட்டி. போட்டிக் கம்பெனிகள் இரண்டின் புது லேபிளும் ஒரே நாளில் என் மேஜைக்கு வரும். சீசனுக்கு முன்னால் ஒன்றின் டிசைன் இன்னொன்றுக்குத் தெரிந்தால் பிரஸ்ஸுக்கே ஆர்டர் வராது. அதனால் முதலாளி வெள்ளைத்துரை அண்ணாச்சி வேலைக்குச் சேர்ந்த அன்றே இரண்டு விஷயம் சொன்னார். "இங்கன பாத்தது இங்கனயே இருக்கணும். எழுத்துப் பிழையைத் திருத்து, மேட்டரைத் தொடாத." பார்த்து முடித்த தாளை நாலாகக் கிழித்துச் சாக்கில் போடுவேன். மூன்று வருஷத்தில் ஒரு தாள்கூட வெளியே போனதில்லை. என்னைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லாத ஒரே விஷயம் அதுதான்.

வேலை முடிந்ததும் ஆறரைக்கு மாலை வகுப்பு. அரசுத் தேர்வுக்குப் படிக்கிறோம். நான் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. சினேகா சேர்ந்து எட்டு மாதம். எழுத்துத் தேர்வில் நான் முதல் அல்லது இரண்டாவது. அவள் பத்தாவது இடத்துக்குப் பக்கத்தில் இருப்பாள். ஆனால் அவள் வாயைத் திறந்தால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவனும் நிமிர்ந்து உட்காருவான். பொங்கல் கழித்து விருதுநகரில் நடந்த பேச்சுப் போட்டிக்கு அவளைத்தான் அனுப்பினார்கள். நகக்கண்ணில் மருந்துப் பொடியின் வெள்ளி மினுக்கத்தோடே போய் இரண்டாம் பரிசு வாங்கி வந்தாள். அந்தச் செய்தியை அம்மா என்னிடம் மூன்று முறை சொன்னாள்.

ஜூன் மாதம் வகுப்பை நடத்தும் சுப்புலட்சுமி மேடம் ஒரு கடிதம் வாசித்தார். ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரி விவாதப் போட்டி வைக்கிறது. ஒரு வகுப்புக்கு ஒருவர். தலைப்பு: ஆழ்கடலில் எண்ணெய், எரிவாயு எடுப்பதைத் தடை செய்ய வேண்டுமா, வேண்டாமா.

"கடலே இல்லாத ஊருக்காரன கடலப் பத்திப் பேசச் சொன்னா எப்படி மேடம்?" என்றான் செல்வக்குமார். அவன் தீப்பெட்டி ஆபீஸில் பில் போடுகிறவன்.

"ஏலே, கடல் இல்லாட்டி என்ன, தடை இருக்குல்ல?" என்றாள் சினேகா. "தடையப் பத்திப் பேச நம்மளவிட்டா ஆளு யாரு? சரவெடிக்குத் தடை. மருந்துல பேரியத்துக்குத் தடை. டெல்லியில வெடிக்கத் தடை. தடைக்குன்னே ஒரு கோயில் கட்டலாம் நம்ம ஊருல."

எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். எனக்கும் அது தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

நாங்கள் ஆறு பேர் பெயர் கொடுத்தோம். வகுப்புக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசிக் காட்ட வேண்டும். நன்றாகப் பேசுகிறவர் ராமநாதபுரம் போகலாம். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு 'தடை வேண்டும்' வந்தது. சினேகாவுக்கு 'தடை வேண்டாம்'. தடை வேண்டும் என்கிறவர்கள்தான் முதலில் பேச வேண்டும்.

இந்த இடம் எனக்கு வேண்டும் என்று அன்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். ஏன் என்று கேட்டுக்கொண்டு மூன்று காரணம் எழுதினேன். படித்துப் பார்த்தபோது இரண்டு பொய். மூன்றாவது மட்டும் உண்மை: அம்மா பக்கத்து வீட்டு வாசலில் நின்று என் பெயரைச் சொல்வதை நான் ஒருமுறை கேட்க வேண்டும்.

இரண்டு வாரம் நூலகத்தில் உட்கார்ந்தேன். மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள், கடல்புல், அதை மேயும் கடல்பசு எல்லாம் படித்தேன். எண்ணெய் கசிந்தால் வலைக்காரர்களுக்கு என்ன ஆகும், கிணறு தோண்டும் முன் அனுப்பும் ஒலி மீனை எப்படி விரட்டும், எண்ணெயை எரிக்க எரிக்க பூமி எப்படிச் சூடாகிறது, அதையும் படித்தேன். எதிர்ப்பக்கத்தையும் விடவில்லை. நாம் எரிக்கும் எண்ணெயில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது, இங்கே தடை போட்டால் அங்கே வாங்குவோம், அவ்வளவுதான் என்பார்கள். அதற்குப் பதில் எழுதினேன். மொத்தம் ஏழு நிமிடம். கண்ணாடி முன் நின்று பேசினால் ஏழும் ஏழு மணிநேரம் போல் இருந்தது. தப்பே இல்லாத பேச்சு. உயிரும் இல்லை.

போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது, பஸ்ஸில் சினேகா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நாலு தாளை மடியில் போட்டாள்.

"மாரி, ஸ்பெல்லிங் பாத்துக் குடு புள்ள. எனக்கு எந்த ற எங்க வருதுன்னே தெரியல. மேடம் தாளையும் வாங்கிப் பாப்பாகளாம்."

"நான் எதிர்ப்பக்கம்லா பேசுறேன்? என்கிட்டயா குடுக்க?"

"நீ புரூஃப்காரிதானே. ரெண்டு கம்பெனிக்காரன் லேபிளும் உன்கிட்டதான இருக்கு. நீ போயி சொல்லவா செய்யுற?" என்று சொல்லிவிட்டு என் டிபன் பாக்ஸைத் திறந்து மீதி இருந்த காராச்சேவை எடுத்துத் தின்றாள்.

மறுநாள் மதியம் பிரஸ்ஸில் அதைப் படித்தேன். முதல் பக்கத்தில் பதினாலு பிழை. திருத்திக்கொண்டே வந்தவள் மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

'என்னுடன் வேலை பார்க்கும் கருப்பம்மாள் அத்தை சரவெடி பின்னியவர். தடை வந்த அன்று அவர் சொன்னார்: ஒரு கதவைச் சாத்துகிறவர்கள் இன்னொரு கதவு எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டுச் சாத்தியிருக்கலாம்.'

அது என் அம்மா. எனக்கு அப்போது பதினைந்து வயது. அன்று அம்மா வீட்டுக்கு வந்து சோறு வைத்ததும், சாப்பிடாமல் படுத்ததும் எனக்கு நினைவிருக்கிறது. என்னிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. ஆனால் சினேகாவிடம் சொல்லியிருக்கிறாள், மருந்துத் தூசிக்கு நடுவில், மற்ற இரண்டு பேர் கேட்க. அந்த வரியில் ஒரு பிழையும் இல்லை. அதுவும் கோபமாக இருந்தது.

தாளை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். "நல்லாருக்கா?" என்றாள். "ஸ்பெல்லிங் மட்டும்தான் பாத்தேன்" என்றேன்.

சனிக்கிழமை முழுக்க ஒரே கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டேன். அது என் அம்மாவின் வார்த்தை. அம்மாவின் சொத்தில் மகளுக்குத்தான் முதல் பங்கு. வெளியாள் எடுக்கலாம், மகள் எடுக்கக்கூடாதா? எத்தனை முறை போட்டாலும் விடை எனக்குச் சாதகமாகவே வந்தது. அப்படி வந்தாலே எங்கோ தப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் பேச்சின் கடைசிப் பத்தியை அடித்துவிட்டு அந்த வரியை எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடக்கும் மாடியில் நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் அம்மா இருந்தாள். நான் கூப்பிடவில்லை, எனக்குப் பதற்றமாகும் என்று வர வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தேன். "சினேகா வரச் சொன்னா" என்றாள், புதுச்சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு.

நான் பேசினேன். ஆறு நிமிடம் கடல்பசுவும் கடல்புல்லும் போனது. செல்வக்குமார் கொட்டாவி விட்டதைப் பார்த்தேன். கடைசி நிமிடத்தில் தாளை மடக்கிவிட்டு அம்மாவைக் கையால் காட்டினேன்.

"இதோ இருக்கிறார் என் அம்மா. சரவெடி பின்னியவர். தடை வந்த அன்று அவர் சொன்னார்: ஒரு கதவைச் சாத்துகிறவர்கள் இன்னொரு கதவு எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டுச் சாத்தியிருக்கலாம். நானும் அதையே கேட்கிறேன். கடலில் எண்ணெய்க்குத் தடை வேண்டும். மாற்றுவழியைக் காட்டிவிட்டுத் தடை வேண்டும்."

கைதட்டல் எழுந்தது. நாற்பது பேரும் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. யாரோ தன் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போவதைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். சினேகா முன் வரிசையில் தன் மூன்றாம் பக்கத்தை உருவி, இரண்டாக மடித்து, உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவள் முறை வந்தபோது நாலு நிமிடம்தான் பேசினாள். "கேஸ் சிலிண்டர் வீட்டுக்கு வந்தப்புறம்தான் எங்கம்மா இருமல நிறுத்துச்சு. அந்த கேஸு எந்தக் கடலுக்கு அடியில இருந்து வந்துச்சுன்னு நாம கேக்கல. நம்ம கடல்ல மட்டும் எடுக்காதன்னா, அடுத்தவன் கடல் நாறட்டும்னுதான அர்த்தம்?" என்றாள். நல்ல கேள்விதான். ஆனால் அதற்குப் பிறகு தடுமாறினாள், மேடையில் அவள் தடுமாறி நான் பார்த்ததே இல்லை, முடிக்கத் தெரியாமல் நன்றி சொல்லிவிட்டு இறங்கினாள்.

மேடம் என் பெயரை அறிவித்தார். சினேகா இரண்டாவது.

படியில் இறங்கும்போது அவள் என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் மட்டும், "வாரேன் அத்தை, காலையில பாப்போம்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா புதுச்சேலையை மாற்றி மடித்துவைத்தாள். பிறகு அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"நான் எப்பத்தா அப்படிச் சொன்னேன்?"

"எப்படி?"

"கதவு, சாத்துறது... எனக்கு அப்படியெல்லாம் பேச வருமா?"

"சினேகாகிட்ட சொல்லியிருக்கியே."

"அவகிட்டயும் சொல்லல. யாருகிட்டயும் சொல்லல. அம்புட்டு பேருக்கு முன்னாடி கையக் காட்டிட்ட. நான் ஆமான்னு சொல்லவா, இல்லன்னு சொல்லவா? கழுத்த நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

களைந்த தண்ணீரைக் கீழே ஊற்றினாள். அப்படியானால் அந்த வரி சினேகாவினுடையது. அவளே யோசித்து, அம்மாவின் வாயில் வைத்து எழுதியிருக்கிறாள். என் சொத்து என்று நினைத்து நான் எடுத்தது, அவளுடைய சொந்தப் பெட்டியிலிருந்து. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒரு தாள் என் மேஜையிலிருந்து வெளியே போயிருக்கிறது.

நோட்டில் அன்று ஒரே வரி: நாளை சொல்லிவிடு. அதன் கீழே, சொல்லாவிட்டால் என்ன என்றும் எழுதியிருக்கிறேன்.

திங்கட்கிழமை வகுப்புக்கு அரைமணி முன்னால் போனேன். ராமநாதபுரத்துக்கு அனுப்ப வேண்டிய படிவத்தை மேடம் நிரப்பிக்கொண்டிருந்தார். சினேகாவும் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்தாள். அந்த வரி சினேகாவின் தாளில் படித்து நான் எடுத்தது என்று இருவருக்கும் முன்னால் சொன்னேன். சொல்ல வேண்டியது முன்பின்னாக வந்தது. கண்ணாடி முன்னால் இதற்கும் ஒத்திகை பார்த்திருந்தேன், பயனில்லை.

சினேகா பையைத் தோளிலிருந்து இறக்கி நாற்காலியில் வைத்தாள். பிறகு, "திருடுனதுதான் திருடுன, ஒரிஜினலாப் பாத்துத் திருடக் கூடாதா? அதுவே டூப்ளிகேட்டுடி" என்றாள்.

மேடம் அவளைத் திரும்பிப் பார்த்தார். "டூப்ளிகேட்டா?"

"அத்தை சொன்னதா எழுதுனா நல்லாருக்கும்னு நானா எழுதுனது மேடம்." இதைச் சொல்லும்போது அவளும் தரையைத்தான் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் நல்லா இருக்கீக" என்றார் மேடம். "ஒருத்தி இல்லாதத எழுதுறா, இன்னொருத்தி அதையும் எடுத்துக்கிடுறா." அவர் பேனாவை மூடிவிட்டார். ஜெயித்தவரை மாற்ற முடியாது, நானாக விலகினால் அடுத்தவரை அனுப்பலாம் என்றார். விலகுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நேர்மைக்காக விலகினேனா, சினேகாவே எல்லோரிடமும் சொல்லிவிடுவாள் என்று பயந்து விலகினேனா என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை. அம்மாவிடம் சொன்னபோது, "சரித்தா" என்றாள். அவ்வளவுதான். அந்த வாரம் சினேகாவின் பெயரை அம்மா வழக்கத்தைவிடக் குறைவாகவே சொன்னாள். எனக்காகக் குறைக்கிறாள் என்று தெரிந்தபோது இன்னும் மோசமாக இருந்தது.

அதற்கடுத்த வாரம் சனிக்கிழமை, பஸ்ஸில் சினேகா மறுபடியும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மறுபடியும் நாலு தாள்.

"ஸ்பெல்லிங் பாத்துக் குடு."

நான் அவளைப் பார்த்தேன்.

"என்ன பாக்க? இந்தத் தடவை நீ எனக்கு முன்னாடி பேசப் போறதில்லல்ல?" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள். கொஞ்சம் கழித்துச் சிரித்தாள். "அங்கன எனக்கு 'தடை வேண்டும்'னு விழுந்திருக்கு. உன் கடல்பசுவெல்லாம் எடுத்துப் போட்டிருக்கேன். உன் பேரு சொல்லித்தான் எடுத்திருக்கேன், பயப்படாத. மூணாவது பக்கத்துல இடம் விட்டிருக்கேன். அன்னைக்கு அத்தை நெசமா என்ன சொன்னாகன்னு கேட்டு எழுது."

"நீயே கேளேன். நாள் முழுக்க கூடத்தானே இருக்க?"

"கேட்டேன். 'எம்மக கேக்கட்டும், சொல்லுதேன்'னுட்டாக."

அந்த வாக்கியத்தை நான் பஸ்ஸிலேயே நாலைந்து முறை எனக்குள் சொல்லிப் பார்த்தேன். அதைக் கொண்டுவந்து தந்ததும் அவள்தானே என்று உடனே எரிச்சலும் வந்தது.

மறுநாள் ஞாயிறு. அம்மா காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பிழிந்து கொடுத்துக்கொண்டே கேட்டேன். இரண்டு சேலை காயப்போட்ட பிறகு சொன்னாள்.

"அன்னைக்குப் பாதிச் சரம் கையில இருந்துச்சு. போர்மேன் உக்கிரபாண்டி அண்ணன் ஓடி வந்து, எல்லாரும் நிறுத்துங்க, சரம் இனிமே கெடையாதுன்னாக. எல்லாரும் எந்திரிச்சுப் போறாக. எனக்கு ஒண்ணும் ஓடல. அண்ணே, பின்னுனத அவுத்துட்டுப் போகவா, இப்படியே வச்சுட்டுப் போகவான்னு கேட்டேன்."

"அவுக என்ன சொன்னாக?"

"அவுகளுக்கு என்ன தெரியும்? ஆபீசுல கேட்டுச் சொல்றேன்னு போனாக. வரல. நான் கடைசியில ஒரு முடிச்சுப் போட்டு ஓரமா வச்சுட்டு வந்துட்டேன். அவிழ்ந்துறக் கூடாதுல்ல." கிளிப்பை வாயிலிருந்து எடுத்துச் சேலையில் மாட்டினாள். "அம்புட்டுத்தான். இதுல பேச என்ன இருக்கு?"

எனக்குக் கையிலிருந்த பாவாடையைப் பிழியத் தோன்றவில்லை. மன்னார் வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு இன்னும் பேச்சளவில்தான் இருக்கிறது. அங்கே யார் கையிலும் இன்னும் பாதிச் சரம் இல்லை. தடை போடுவதென்றால் இப்போதே போட வேண்டும், ஆயிரம் பேர் அதை நம்பி உட்கார்ந்து பின்னத் தொடங்குவதற்கு முன்னால். பின்னத் தொடங்கிய பிறகு போட்டால், அவிழ்க்கவா வைக்கவா என்று கேட்கிறவருக்குப் பதில் சொல்ல அன்றைக்கும் யாரும் வர மாட்டார்கள். இரண்டு வாரம் நூலகத்தில் தேடியும் கிடைக்காத என் வாதம், 'தடை வேண்டும்' பக்கத்துக்கே உரிய வாதம், ஆறு வருஷமாக என் வீட்டுக்குள் இருந்திருக்கிறது. நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

இப்போது அதைச் சினேகா பேசப்போகிறாள். என்னைவிட நன்றாகவே பேசுவாள்.

திங்கட்கிழமை மதியம் பிரஸ்ஸில் அவள் தாளை எடுத்தேன். முதல் இரண்டு பக்கத்தில் பதினோரு பிழை. மூன்றாம் பக்கத்தில் ஐந்து வரி இடம் விட்டிருந்தாள். முதலில் பென்சிலால் எழுதினேன். வேண்டுமென்றே நீட்டி முழக்கி, 'தொழிலாளர் ஒருவர் தம் ஐயப்பாட்டினை வெளிப்படுத்தினார்' என்று எழுதினேன். அப்படிப் படித்தால் மண்டபத்தில் ஒருவரும் நிமிர மாட்டார்கள். அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்துப் பிழை எதுவும் இல்லை. ரப்பரை எடுத்து அழித்தேன். தாள் லேசாகச் சுரண்டிப்போனது.

பிறகு பேனாவால், அம்மா சொன்னது சொன்னபடி எழுதினேன். 'அண்ணே, பின்னுனத அவுத்துட்டுப் போகவா, இப்படியே வச்சுட்டுப் போகவா?' அதன் கீழே, யார் கையிலும் இன்னும் பாதிச் சரம் இல்லை என்ற என் வரியையும் எழுதினேன். மேட்டரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அண்ணாச்சி பார்த்தால் திட்டுவார்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்திலேயே சினேகா நின்றபடி வாசித்தாள். மூன்றாம் பக்கத்துக்கு வந்ததும் உதடு அசைவது நின்றது. மறுபடியும் மேலிருந்து வாசித்தாள்.

"இதையா புள்ள எனக்குக் குடுக்க?" என்றாள்.

"ஆமா."

"வயித்தெரிச்சலா இல்லையா?"

"இருக்கு" என்றேன். "நெறைய இருக்கு. சீக்கிரமா மடிச்சுப் பைக்குள்ள வையி."